சாலையோரத் துணிக்குவியல்: சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்த உதவி

2005ஆம் ஆண்டு பிறந்த முதல் வாரங்களில் நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் சுற்றிய சாலைகளில் பயணம் செய்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். சாலையின் இருபுறமும் துணி கிடந்தது. சேலை, சட்டை, கால்சட்டை, குழந்தைகளின் கவுன், வடநாட்டுக் குளிருக்குப் பின்னப்பட்ட கம்பளி ஸ்வெட்டர் என்று எல்லாம் கலந்து, குவியல் குவியலாக, பனியில் நனைந்து கிடந்தன. லாரிகள் வந்து கொட்டிவிட்டுப் போயிருந்தன. எடுத்துக்கொள்ள ஆளில்லை. ஆடுகள் அவற்றின்மேல் ஏறி நின்றன. எல்லாவற்றையும் இழந்த மக்கள் அந்தக் குவியலைத் தாண்டி நடந்து போனார்கள், குனிந்து பார்க்கவில்லை.

அந்தத் துணிகளை அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை. தொலைக்காட்சியில் கடற்கரையைப் பார்த்து அழுதவர்கள், அலமாரியைத் திறந்து கைக்குக் கிடைத்ததை மூட்டை கட்டித் தெருமுனையில் நின்ற இளைஞர்களிடம் கொடுத்தவர்கள். அவ்வளவு பெரிய அன்பு எப்படிச் சாலையோரக் குப்பையாக முடிந்தது? அதே மாவட்டத்தில், அதே வாரத்தில், வேறு சில உதவிகள் எப்படிச் சரியான வீட்டு வாசலைப் போய்ச் சேர்ந்தன? இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் நாகப்பட்டினத்தைத் திரும்பிப் பார்க்கிறேன். உள்ளூர்த் தொண்டு, நன்கொடை என்று பேசும் எவரும் ஒரு முறையேனும் இந்த மாவட்டத்தின் கதையை முழுதாகப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நடந்தது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. காலை ஆறரை மணியளவில் சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. நிலநடுக்க அளவில் ஒன்பதைத் தாண்டிய நடுக்கம். ஒன்பது மணியையொட்டி அலை நாகைக் கரையை அடைந்தது. அந்த இரண்டரை மணி நேர இடைவெளியில் கரையிலிருந்த யாருக்கும் ஓர் எச்சரிக்கையும் போகவில்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் மாண்டார்கள். அவர்களில் 6,065 பேர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர்கள், அல்லது அன்று அங்கே இருந்தவர்கள். அப்போது மயிலாடுதுறை தனி மாவட்டமாகப் பிரிந்திருக்கவில்லை. பழையாறு முதல் கோடியக்கரை வரை, நடுவில் காரைக்காலை மட்டும் விட்டு, ஒரே மாவட்டம். தாழ்ந்த, தட்டையான கரை. மீனவர் வீடுகள் மணலை ஒட்டியே இருந்தன. ஆற்றின் முகத்தில் இருந்த அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே சிக்கிக்கொண்டன. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் திரண்டிருந்தார்கள். ஆழ்கடலில் இருந்த ஆண்கள் பலர் பிழைத்தார்கள். கரையில் மீனுக்குக் காத்திருந்த பெண்களும், மணலில் விளையாடிய குழந்தைகளும் போனார்கள்.

முதலில் வந்த கைகள்

வெளியூர் லாரிகள் வருவதற்கு முன்பே உதவி வந்துவிட்டது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பேரிடர்க் கதைகளில் இந்தப் பகுதிதான் எப்போதும் சுருங்கிவிடுகிறது.

அலை வடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். கலியாண மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் திறந்துவிடப்பட்டன. ஜமாஅத்துகள் அடுப்பு மூட்டின. கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் கரையிலிருந்து ஓடி வந்த மீனவக் குடும்பங்களை அந்த ஊர் ஜமாஅத் தங்கவைத்துச் சோறு போட்டது. நாகையில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தின் தொண்டர்கள், முகம் அடையாளம் தெரியாத உடல்களைத் தோளில் சுமந்து சென்று அடக்கம் செய்தார்கள். எந்த மதத்துப் பிணம் என்று அவர்கள் கேட்கவில்லை. உள்நாட்டு விவசாயக் கிராமங்களிலிருந்து சோற்றுப் பானைகள் மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் வந்தன.

இந்த உதவிகளுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. செய்தவர்களுக்கு ஊர் தெரியும். எந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்தக் கிழவிக்கு நடக்க முடியாது, யாருக்குக் கைக்குழந்தை இருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் தகவல் சேகரித்துத் தெரிந்துகொண்டவை அல்ல. வாழ்ந்து தெரிந்தவை. அதனால் அவர்களுடைய உதவி வீணாகவில்லை.

இன்னொரு கூட்டம் வந்தது. அவர்களைத் தொண்டர்கள் என்று சொல்ல முடியாது, அவர்கள் விரும்பி வரவில்லை. வேறு நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித்துகள். இடிபாடுகளுக்கும் முள்வேலிகளுக்கும் அடியிலிருந்து உடல்களை எடுக்கும் வேலை அவர்கள்மேல் விழுந்தது. பல இடங்களில் கையுறைகூட இல்லாமல் எடுத்தார்கள். அவர்கள் அந்த வேலையைச் செய்திராவிட்டால் நாகையில் கொள்ளை நோய் பரவியிருக்கும் என்று அஞ்சாதவர் அன்று இல்லை. நன்றி சொல்லும் பட்டியல்களில் அவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

லாரிகள்

இரண்டாம் நாளிலிருந்து லாரிகள் வரத் தொடங்கின. தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி, சென்னை, பிறகு பெங்களூரு, மும்பை, டெல்லி. சோற்றுப் பொட்டலம், தண்ணீர்ப் பாக்கெட், பிஸ்கெட், பால் பவுடர், பாய், போர்வை, மருந்து. வந்தவர்கள் தூங்காமல் வந்தார்கள், தம் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று விரும்பினார்கள். கொடுத்துவிட்டு அன்றிரவே திரும்பியும் ஆக வேண்டும், ஏனென்றால் மறுநாள் அவரவருக்கு வேலை இருந்தது.

அங்கேதான் கோளாறு தொடங்கியது. நெடுஞ்சாலையிலிருந்து எளிதில் போகக்கூடிய ஊர்களில் லாரி நின்றது. தொலைக்காட்சியில் பெயர் அடிபட்ட ஊர்களைத் தேடிப் போனது. ஒரே முகாமுக்கு மதியம் நான்கு தரப்பிலிருந்து சோறு வந்தது. ஊசிப் போன பொட்டலங்கள் குவிந்தன. ஆற்றைத் தாண்டி, மணல் தடத்தில் போய்ச் சேர வேண்டிய கிராமங்களில் அதே நாள் அடுப்பும் எரியவில்லை, பொட்டலமும் வரவில்லை.

பசிக்குச் சோறு கொடுப்பதில் தவறு காண முடியாது. துணி வேறு. கடற்கரை மீனவர்கள், குறிப்பாகப் பட்டினவர் சமூகத்தினர், ஏழைகளாக இருக்கலாம், இரந்து வாழ்ந்தவர்கள் அல்லர். கடலில் போய் அன்றன்று சம்பாதித்து அன்றன்று செலவு செய்தவர்கள். நல்ல நாளில் கை நிறையப் பணம் புரளும். பெண்கள் தலையில் கூடை சுமந்து உள்நாட்டு ஊர்களுக்குப் போய், மிராசுதாரர் வீட்டு வாசலிலும் குரல் உயர்த்திப் பேரம் பேசி மீன் விற்றவர்கள். அவர்களிடம், முன்பின் தெரியாத ஒருவர் உடுத்திக் கழித்த துணியைக் கொண்டுவந்து தரையில் கொட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னால் என்ன செய்வார்கள்? பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, கூட்டத்தில் முண்டியடித்துக் கிழிந்த ரவிக்கையைப் பொறுக்குவாளா? அவர்கள் எடுக்காமல் விட்டதைத் திமிர் என்று சிலர் அன்று சொன்னார்கள். எல்லாம் போன பிறகும் மிச்சமிருந்த மானம் அது. அதைக் கடல் கொண்டுபோகவில்லை.

அவர்களுக்குத் தேவைப்பட்ட துணியும் உண்டு. புது உள்ளாடை, மாதவிலக்குத் துணி, கைலி, துண்டு, குழந்தைக்குப் போர்த்த ஏதாவது. அலை உடுத்திய துணியையும் உருவிக்கொண்டு போயிருந்தது. மாற்று உள்ளாடை இல்லாமல் நாட்கணக்கில் முகாமில் இருந்த பெண்களைப் பற்றிப் பிறகு பல அறிக்கைகள் பேசின. ஐந்து லாரி பழைய சேலைக்கு நடுவே அந்த ஒரு சிறு பொருள் இல்லாமல் போனது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒருவரும் இல்லை, கூட்டத்தில் ஆண்களிடம் வாய்விட்டுச் சொல்ல அவர்களாலும் முடியவில்லை.

ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மேசை

நாகையின் கதை மற்ற ஊர்களின் கதையிலிருந்து பிரியும் இடம் இது.

தஞ்சாவூர் ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் நாகைப் பணிக்கு அனுப்பப்பட்டு, பிறகு அந்த மாவட்டத்தின் ஆட்சியரானார். அரசு இயந்திரம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மறுபக்கம் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. பெரிய பன்னாட்டு அமைப்புகள், மடங்கள், சர்ச்சுகள், கல்லூரி மாணவர் குழுக்கள், ஒரு வேனும் ஒரு பேனரும் மட்டுமே கொண்ட நண்பர் கூட்டங்கள். யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

2005 ஜனவரி முதல் நாள், நாகை ஆட்சியர் அலுவலகத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கியது. அதைத் தாங்கியவை இரண்டு அமைப்புகள். ஒன்று, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃப்ஸ் என்ற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. மற்றொன்று, நாகைக் கரையில் மீனவப் பெண்களோடு நெடுநாள் வேலை செய்துவந்த சினேகா. இரண்டுக்கும் கடற்கரை பழக்கம், இரண்டும் பேரிடர் நிபுணத்துவம் பேசிக்கொண்டு வந்தவை அல்ல. இது முக்கியம் என்று நினைக்கிறேன். சிஃப்ஸ் பல ஆண்டுகளாகச் சொந்தமாகப் படகு கட்டிய அமைப்பு. படகு என்றால் என்ன என்று அதற்குத் தெரியும். பின்னால் அந்த அறிவு பெரிதும் வேண்டியிருந்தது.

மையம் செய்த வேலையைச் சொன்னால் மிக எளிதாகத் தோன்றும். வருகிற நிறுவனத்தைப் பதிவு செய்துகொள்வது. எந்த ஊரில் என்ன குறைகிறது என்று தொண்டர்களை அனுப்பிக் கேட்டு எழுதி வருவது. மாலையில் எல்லோரையும் உட்காரவைத்து, இந்த ஊரில் பாத்திரம் இருக்கிறது, அந்த ஊரில் இல்லை, கழிப்பறை வேலையை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்பது. தங்குமிடம், தண்ணீரும் சுகாதாரமும், பிழைப்பு, மனநல ஆற்றுப்படுத்தல் என்று துறைவாரியாகக் குழுக்கள் பிரிந்தன. அரசு அதிகாரியும் அதே கட்டடத்தில் இருந்ததால், ஒரு முகாமுக்குக் குடிநீர் லாரி வரவில்லை என்றால் அந்தச் சேதி அன்றே சேர வேண்டியவரிடம் சேர்ந்தது. அரசு ஆணைகளைத் தொண்டு நிறுவனங்களுக்கு விளக்கிச் சொன்னதும், நிறுவனங்களின் முறையீட்டை அரசிடம் எடுத்துப் போனதும் இந்த மையம்தான். பின்னர் கிராமங்களிலேயே தகவல் மையங்கள் வந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு இந்த முயற்சியே பெட்ராக் என்ற நிலையான அமைப்பாக நாகையில் தங்கிவிட்டது.

மையத்துக்கு எவரையும் கட்டுப்படுத்தும் அதிகாரம் கிடையாது. ஒரு நிறுவனம் தன் இஷ்டப்படி ஓர் ஊருக்குப் போய்க் கொடுத்தால் தடுக்க முடியாது, பலர் அப்படியே செய்தார்கள். ஆனாலும் வந்து உட்கார்ந்தார்கள். ஏன்? கொடுக்க வந்தவருக்கு உண்மையில் வேண்டியது ஒன்றே ஒன்று: யாருக்கு, எங்கே, என்ன என்ற தகவல். அது அந்த மேசையில் கிடைத்தது. வேறெங்கும் கிடைக்கவில்லை.

தொண்டு செய்பவர்கள் பணம் திரட்டுவதைப் பெரிய வேலையாக எண்ணுகிறார்கள், கேட்டு எழுதுவதைக் குமாஸ்தா வேலையாக எண்ணுகிறார்கள். நாகையில் கேட்டு எழுதியவர்கள்தான் மற்ற எல்லோருடைய பணத்துக்கும் பொருள் கொடுத்தார்கள். நன்கொடையாளர்கள் பெரும்பாலும் இதற்குக் காசு கொடுக்க மாட்டார்கள். புகைப்படத்தில் தெரியாத வேலை இது.

தலைக்கட்டு

இப்போது ஊருக்குள் வருவோம். இங்கே விஷயம் சிக்கலானது.

பட்டினவர் கிராமங்களில் ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. அரசின் ஊராட்சி வேறு, இது வேறு. நாட்டார், பஞ்சாயத்தார் என்று ஊர் தேர்ந்தெடுத்தவர்கள் நடத்துவது. எந்த வலையை எப்போது போடலாம் என்பதிலிருந்து கோயில் திருவிழா வரை அவர்கள் சொல்வதே சட்டம். ஊருக்கு வரி கட்டுகிற ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. திருமணமான ஆண் வரி கட்டத் தொடங்கினால் ஊரில் அவனுக்குப் பங்கு.

நிவாரணம் வந்ததும் இந்த அமைப்பு உடனே கையில் எடுத்துக்கொண்டது. லாரியை ஊர் எல்லையில் நிறுத்திப் பொருளை மொத்தமாக வாங்கி, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தது. வந்த பொருள் குறைவாக இருந்தால் யாருக்கும் கொடுக்காமல், எல்லோருக்கும் போதுகிற அளவு சேரும்வரை பூட்டிவைத்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியவில்லை. வீடு இழந்தவனுக்கும் இழக்காதவனுக்கும் ஒரே பங்கா என்று கோபப்பட்டார்கள். ஊரின் கணக்கு வேறு. இன்று உனக்கு அதிகம், எனக்குக் குறைவு என்ற பிளவு வந்தால், நாளைக்கு ஒரே படகில் இருவரும் எப்படிக் கடலுக்குப் போவது? அள்ளுகிறவன் அள்ளிக்கொள்ளும் அவமானத்திலிருந்து ஊரைக் காத்தது இந்தப் பஞ்சாயத்துதான். கன்னியாகுமரிக் கரையில் இந்த வேலையைப் பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சர்ச்சுகள் செய்தன. இரண்டு இடத்திலும், பொருள் பிரிப்பதற்கு ஊருக்குள் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

இதை மனதார மதிக்கிறேன். ஆனால் இந்தச் சமத்துவத்துக்கு ஒரு வேலி இருந்தது, அந்த வேலிக்கு வெளியே நின்றவர்களைப் பற்றிப் பேசாமல் விட்டால் இந்த ஆய்வு பொய்யாகிவிடும்.

கணவனை அலைக்குக் கொடுத்த பெண் தலைக்கட்டு இல்லை. வயது வந்த மகன் இருந்தால் தப்பித்தாள். இல்லையென்றால் பங்குக்கு ஊரின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. கரையில் படகு தள்ளியும், மீன் சுமந்தும், கருவாடு காயவைத்தும், ஐஸ் உடைத்தும் பிழைத்த தலித்துகள் ஊருக்கு வரி கட்டுபவர்கள் அல்லர். அவர்களுடைய குடியிருப்புகள் பெரும்பாலும் கடலுக்குச் சற்று உள்ளே இருந்தன, இறப்பும் வீட்டுச் சேதமும் அங்கே குறைவு. ஆனால் மீன்பிடி நின்ற நாளிலிருந்து கூலியும் நின்றது. படகை இழந்தவன் இழந்ததைக் காட்ட முடியும். கூலியை இழந்தவன் எதைக் காட்டுவான்? கழிமுகத்தில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடித்து வாழ்ந்த இருளர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பல இடங்களில் அவர்களைப் பிச்சை கேட்க வந்தவர்களாகவே பார்த்தார்கள். வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளர்களுக்கும் பாத்தி நாசமானதால் வேலை போனது.

ஒருங்கிணைப்பு மையமும் முதலில் இந்த வேலியைத் தாண்டவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஊரைப் பற்றிய கணக்கை ஊர்ப் பஞ்சாயத்திடம் கேட்டால், பஞ்சாயத்து யாரை ஊர் என்று கருதுகிறதோ அவர்கள்தான் கணக்கில் வருவார்கள். தலித் இயக்கங்களும் பெண்கள் அமைப்புகளும் தனியே கணக்கெடுத்து, கூட்டங்களில் எழுந்து பேசி, பத்திரிகைகளில் எழுதிய பிறகுதான் மெல்ல மெல்ல மாற்றம் வந்தது. கூலியாட்களுக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் உதவி வரத் தொடங்கியது. கூடையும் ஐஸ் பெட்டியும் சுழல்நிதியும் சுய உதவிக் குழுக்கள் வழியாகப் போய்ச் சேர்ந்தன. தாமதம்தான். அந்தத் தாமதத்தில் எத்தனை குடும்பங்கள் கந்துவட்டியில் விழுந்தன என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது.

படகுகள்

துணிக்கு அடுத்து எல்லோரும் கொடுக்க விரும்பிய பொருள் படகு. காரணம் புரிகிறது. மீனவனுக்குப் படகு கொடுத்தால் பிழைப்பைத் திருப்பிக் கொடுத்ததாகும். படகின் பக்கவாட்டில் கொடுத்தவர் பெயரை எழுதலாம், கரையில் வரிசையாக நிறுத்தி விழா எடுக்கலாம். பணமும் நிறைய இருந்தது, சீக்கிரம் செலவழிக்க வேண்டிய நெருக்கடியும் இருந்தது.

சுனாமிக்கு முன்பே கட்டுமரம் மறைந்து ஃபைபர் படகு பரவத் தொடங்கியிருந்தது. நிவாரணம் அந்த மாற்றத்தை ஒரே ஆண்டில் முடித்துவிட்டது. கட்டுமரம் இழந்தவருக்கும் ஃபைபர் படகும் எஞ்சினும் வந்தன. படகே இல்லாதிருந்தவர்களும் பங்காளிகளானார்கள். தேவை இப்படிக் கூடியதும் கரை நெடுகப் புதிது புதிதாகப் படகுப் பட்டறைகள் முளைத்தன. ஃபைபர் படகு கட்டுவது பிசினும் கண்ணாடி இழையும் சரியான அளவில், சரியான நேரம் உலரவிட்டுச் செய்ய வேண்டிய வேலை. அவசரத்தில் கட்டியவை பலவற்றின் தரம் மோசமாக இருந்தது. சிஃப்ஸ் போன்ற, படகு தெரிந்த அமைப்புகள் தொடக்கத்திலேயே எச்சரித்தன: எண்ணிக்கையைப் பாருங்கள், தரத்தைப் பாருங்கள், இந்தக் கடலில் இவ்வளவு படகுக்கு மீன் இருக்கிறதா என்று பாருங்கள். விழா நாள் குறித்துவிட்டு வந்தவர்கள் காதில் அது ஏறவில்லை.

விளைவு விரைவில் தெரிந்தது. முன்பு கூலிப் பங்குக்குப் போனவர்கள் எல்லோரும் சொந்தப் படகில் பங்காளிகளாகிவிட்டதால், கடலுக்குப் போக ஆள் கிடைக்காமல் சில படகுகள் கரையிலேயே நின்றன. நான்கைந்து குடும்பத்துக்கு ஒரு படகு என்று கொடுத்ததில், டீசலுக்கு யார் பணம் போடுவது, எஞ்சின் பழுதுக்கு யார் பொறுப்பு என்ற சச்சரவில் பங்காளிகள் பிரிந்தார்கள். ஒருவர் மற்றவர்களின் பங்கை வாங்கிக்கொண்டார், அல்லது படகையே விற்றார்கள். கரையோர மீன்வளத்தின்மேல் பாரம் கூடியது.

ஆனாலும் படகு கொடுத்ததை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் படகில் கூலிக்குப் போனவன் ஒரு நாள் தன் படகில் சுக்கான் பிடித்தான். அது சிறிய விஷயம் இல்லை. கொடுப்பதற்கு முன்னால் ஆறு மாதம் பொறுத்து, அவனிடமே கேட்டுக் கொடுத்திருந்தால் இன்னும் பலருடைய கையில் அந்தச் சுக்கான் நிலைத்திருக்கும்.

வீடும் நிலமும்

வீட்டு விஷயத்தில் அரசு ஆரம்பத்திலேயே ஒரு நல்ல காரியம் செய்தது. 2005 ஜனவரி 13 அன்று வெளியான அரசாணை 25, வீடு கட்ட விரும்பும் தொண்டு நிறுவனங்களுக்கு நிபந்தனை விதித்தது: குறைந்தது 50 வீடுகள், அதற்கு 75 லட்சம் ரூபாய். அதாவது வீட்டுக்கு ஒன்றரை லட்சம். இரண்டு வீடு கட்டிப் பெயர்ப் பலகை வைத்துவிட்டுப் போகும் வழி அடைபட்டது. மார்ச் 30 அன்று வந்த அரசாணை 172, புது வீட்டின் பட்டாவை மனைவி, கணவன் இருவர் பெயரிலும் சேர்த்துத் தர வழி செய்தது. தலைக்கட்டுக் கணக்கில் இடமில்லாத பெண்ணுக்குப் பட்டாவில் இடம் கிடைத்தது. இதை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

தற்காலிகக் குடியிருப்புகள் மட்டும் மாறாத வடு. தார் பூசிய தகட்டால் வரிசை வரிசையாகப் போட்ட கொட்டகைகள். சித்திரை வெயிலில் உள்ளே குழந்தையைக் கிடத்த முடியவில்லை. அதே ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிய பெருமழையில் தரை முழுக்கத் தண்ணீர். கூரை எப்படி வேண்டும் என்று அங்கே குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்டிருந்தால், கீற்று வேண்டும் என்றே பலர் சொல்லியிருப்பார்கள். அவர்கள் வாழ்நாளெல்லாம் கீற்றுக்கு அடியில் இருந்தவர்கள்.

அந்தப் பெருமழை விவசாயிகளுக்கு வேறு மாதிரி வந்தது. கடல்நீர் புகுந்து உப்பேறிய வயல்களை மீட்கத் தொண்டர்களும் விவசாயிகளும் சேர்ந்து மணலை வாரினார்கள், உப்புநீர் நின்ற குளங்களை இறைத்தார்கள், பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். பல ஆண்டு ஆகும் என்று அஞ்சிய வயல்களில், மழை உப்பைக் கழுவி இறக்கிய பிறகு நெல் எதிர்பார்த்ததைவிட முன்னதாக நின்றது. கடற்கரையில் குவிந்த பணத்தோடு ஒப்பிட்டால் இந்த வயல்களுக்கு வந்தது மிகக் குறைவு. வயலில் உப்பு படிவதைத் தொலைக்காட்சியில் காட்ட முடியாது.

பிள்ளைகள்

பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்துக் கொடுக்கும்படி நாடெங்கிலுமிருந்து வேண்டுகோள்கள் வந்தன. இதுவும் அன்புதான். அரசு மறுத்தது. அதிர்ச்சியில் இருக்கும் பிள்ளையை, அதன் மிச்ச உறவிலிருந்தும் மொழியிலிருந்தும் கடலிலிருந்தும் பெயர்த்து அனுப்பக்கூடாது என்று முடிவெடுத்து, நாகை, கடலூர், கன்னியாகுமரியில் அரசே இல்லங்கள் நடத்தியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் வைப்புநிதியும் போட்டது. நாகையில் அன்னை சத்யா இல்லத்தில் வளர்ந்த பெண்கள் படித்து, வேலைக்குப் போய், திருமணமாகியிருக்கிறார்கள். அவர்கள் பெயர்களைச் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்கத் துடித்த கைகளிடம் "இப்போது வேண்டாம்" என்று ஒருவர் சொல்லத் துணிந்ததன் பலன் அந்தப் பெண்கள்.

துணி எங்கே போனது

சாலையோரக் குவியலுக்குத் திரும்புகிறேன். 1999இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூன்ஜ் என்ற அமைப்பு, எவரும் எடுக்காத அந்தத் துணிகளைத் தமிழக அரசோடு ஓர் உடன்பாடு செய்து ஏற்றுக்கொண்டது. பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். உடுத்தக்கூடியவை துவைத்துத் தேவைப்படும் வேறு பகுதிகளுக்குப் போயின. கிழிந்த பருத்தித் துணி வெட்டி, சுத்தம் செய்யப்பட்டு, மாதவிலக்குத் துணியாகத் தைக்கப்பட்டது. லட்சக்கணக்கான உருப்படிகள் இப்படிக் கைமாறின. அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. முகாமில் பெண்கள் வாய்விட்டுக் கேட்க முடியாமல் தவித்த பொருள்களில் ஒன்று, அதே குவியலுக்குள்ளேயே கிடந்திருக்கிறது.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரை கடந்தது. மீண்டும் லாரிகள் கிளம்பின. மீண்டும் சாலையோர ஊர்களிலேயே நின்றன, உள்ளே தென்னை சாய்ந்து வழியடைத்த கிராமங்கள் காத்திருந்தன. ஆனால் இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. மின்சாரம் இல்லாத ஊர்களிலிருந்து, எங்கோ சார்ஜ் போட்டு வந்த கைபேசிகளிலிருந்து, டெல்டா இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் தங்கள் ஊரின் தேவையைத் தாங்களே எழுதி அனுப்பினார்கள். தார்ப்பாய். மெழுகுவர்த்தி. கொசுவர்த்தி. குடிதண்ணீர். நாப்கின். மரம் அறுக்க இயந்திர ரம்பமும், ஓட்டத் தெரிந்த ஆளும். பட்டியலின் கீழே, பெரும்பாலும் கடைசி வரியாக, இப்படி இருந்தது: தயவுசெய்து பழைய துணி அனுப்ப வேண்டாம்.